கயிறு தொங்கட்டும், வால் ஆடட்டும்... நாயோடு ராலி போட்டிக்கு முதல் அடி!

காலையில் நாயோடு வாக்கிங் போகிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கையில் பிடித்த கயிறு விறைப்பாக நீண்டிருக்கும். முன்னால் நாய், பின்னால் சாய்ந்தபடியே மனிதர். ‘‘டேய், மெதுவா போடா... மெதுவா!’’ என்று ஒரு கெஞ்சல் வேறு. யார் யாரை வாக்கிங் கூட்டிப்போகிறார்கள் என்று எதிரில் வருகிறவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் கயிறு தளர்ந்து தொங்க வேண்டும், விறைத்தால் மதிப்பெண் போய்விடும் என்று ஒரு போட்டி வைத்தால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்? அப்படியொரு போட்டி அமெரிக்காவில் நடக்கிறது. அதன் பெயர் ராலி ஒபீடியன்ஸ். சுருக்கமாக, ராலி. அங்கே வேலைக்குப் போய் வீடு, குழந்தை, நாய் என்று செட்டிலாகிவிட்ட நம்மூர்க் குடும்பங்களும் சேரக்கூடிய போட்டிதான் இது. இங்கே இருப்பவர்களுக்கும் இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஏனென்றால், இந்தப் போட்டிக்கான பயிற்சியில் முக்கால்வாசி நாய்க்கு இல்லை, நமக்கு!

கார் ராலி தெரியும்... நாய் ராலி?

நாய்களுக்கான கீழ்ப்படிதல் போட்டி அமெரிக்காவில் ரொம்பப் பழசு. ஹெலன் ஒயிட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி பூடில் நாய்கள் வளர்த்தார். ‘பூடில் என்றால் அழகுக்கு மட்டும்தான், புத்தி கிடையாது’ என்ற பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. 1933-ல் நியூயார்க் மாகாணத்தின் மவுன்ட் கிஸ்கோவில் 8 நாய்களை வைத்து ஒரு போட்டி நடத்திக் காட்டினார். 1936-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் அதற்கு விதிமுறைகள் வகுத்தது.

அந்தப் போட்டி இன்றும் நடக்கிறது. ஆனால், அதில் கெடுபிடி அதிகம். நடுவர் ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லச் சொல்ல, நாயும் உரிமையாளரும் ஏறக்குறைய ராணுவ அணிவகுப்பு மாதிரி நடக்க வேண்டும். இடையில் நாயிடம் பேசிக்கொண்டே போக முடியாது. ‘‘சபாஷ்டா கண்ணா’’ என்று கொஞ்சினால் மதிப்பெண் போகும்.

இதைக் கொஞ்சம் இளக்கினால் என்ன என்று யோசித்தவர் சார்லஸ் கிரேமர். ‘பட்’ கிரேமர் என்றால்தான் அங்கே பலருக்குத் தெரியும். கார் ராலியில் ஓட்டுநர் வழியில் இருக்கும் குறிப்புகளைப் பார்த்துப் பார்த்துப் போவார் இல்லையா? அதே மாதிரி, தரையில் வரிசையாகப் பலகைகளை வைத்துவிட்டு, அதில் எழுதியிருப்பதைச் செய்துகொண்டே நாயோடு நடக்கச் சொன்னால்? அந்த யோசனைதான் ராலி. 2005 ஜனவரி 1 முதல் இது அமெரிக்கன் கென்னல் கிளப்பின் அதிகாரபூர்வப் பட்டப் போட்டி. பிரிட்டனிலும் கனடாவிலும்கூட ராலி நடக்கிறது. விதிகள் மட்டும் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்.

ரிங்குக்குள் என்ன நடக்கும்?

முதல் நிலைக்கு நாவிஸ் என்று பெயர். புதிதாக வருகிறவர்களுக்கானது. கயிறு கட்டித்தான் நாயை நடத்த வேண்டும் என்பதால் பயம் வேண்டாம். ரிங்கில் 10 முதல் 15 பலகைகள் எண் போட்டு வைக்கப்பட்டிருக்கும். எந்தப் பலகை எந்த இடத்தில் என்பதை நடுவர் முடிவு செய்வார். அதனால் ஒரு போட்டியில் பார்த்த பாதை அடுத்ததில் இருக்காது. மனப்பாடம் செய்து ஒப்பிக்க வழியில்லை.

பலகையில் படமும் அம்புக்குறியும் இருக்கும். ‘நில், உட்கார்.’ ‘நில், உட்கார், படு.’ ‘வலப்பக்கம் திரும்பு.’ ‘மெதுவாக நட.’ ‘வேகமாக நட.’ நாயை உட்கார வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் அதைச் சுற்றி ஒரு வட்டம் வர வேண்டும் என்று ஒன்று. வரிசையாக நிற்கும் கோன்களுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போவது இன்னொன்று. இதில் நின்று செய்ய வேண்டிய பலகைகள் 3 முதல் 5 வரைதான். மற்றதெல்லாம் நடந்துகொண்டே செய்வது.

போட்டிக்கு முன்னால் நாய் இல்லாமல் பாதையை நடந்து பார்க்க நேரம் தருவார்கள். அது ஏறக்குறைய பத்து நிமிடம். சந்தேகம் இருந்தால் அப்போது நடுவரிடம் கேட்கலாம். பிறகு உங்கள் முறை வரும்போது நாயோடு ஆரம்பப் பலகை அருகே நிற்க வேண்டும். நடுவர் ‘‘ஃபார்வர்ட்’’ என்பார். அதோடு அவர் கட்டளை முடிந்தது. மிச்சம் உங்களுக்கும் நாய்க்கும் நடுவில்தான்.

இந்த நிலையில் நாயோடு பேசலாம், பாராட்டலாம், கை தட்டலாம், தொடையைத் தட்டிக் கூப்பிடலாம். ‘உட்கார்’ என்று இரண்டு முறை சொன்னாலும் குற்றமில்லை. ஆனால், கையால் அழுத்தி உட்கார வைக்கக் கூடாது. கயிற்றை வெடுக்கென்று இழுத்துத் திருத்தக் கூடாது. அதட்டினாலும் மிரட்டுவதுபோலக் கையை ஓங்கினாலும் மதிப்பெண் குறையும். வீட்டில் தினமும் கத்துகிறவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமான இடம்தான்.

100-ல் தொடங்கி...

எல்லோரும் 100 மதிப்பெண்ணோடு உள்ளே போகிறார்கள். தவறு செய்யச் செய்யக் கழித்துக்கொண்டே வருவார்கள். கயிறு விறைத்தால், நாய் கோணலாக உட்கார்ந்தால் 1 மதிப்பெண் போகும். ஒரு பலகையை மறுபடி செய்து பார்த்தால் 3. ஒரு பலகையில் சொன்னதைத் தவறாகச் செய்தால் 10. கடைசியில் 70 இருந்தால் தேர்ச்சி. நேரமும் குறிப்பார்கள். ஆனால், இரண்டு பேர் ஒரே மதிப்பெண் எடுத்தால் யார் முந்தி என்று பார்க்கத்தான் அது. வேகமாக ஓடிப் பயனில்லை.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரு பலகையில் நாய் படுக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் போவது 10. மிச்சம் 90 இருக்கிறது. வேறெங்கும் தவறாவிட்டால், மூன்று பலகைகள் மொத்தமாகச் சொதப்பினாலும் 70 இருக்கும்!

அதேநேரம், ஆரம்பம் முதல் கடைசிவரை கயிறு விறைத்தபடியே இருந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் தேர்ச்சி கிடையாது. நாய் ஒரு பாடத்தை மறந்தால் மன்னிப்பு உண்டு. நாயை இழுத்துக்கொண்டே போனால் மன்னிப்பு இல்லை.

இரண்டு வெவ்வேறு நடுவர்களிடமாவது சேர்த்து மூன்று முறை தேறினால் ராலி நாவிஸ் பட்டம். நாயின் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். அடுத்து இன்டர்மீடியட். அதுவும் கயிற்றோடுதான். அதன் பிறகு வரும் அட்வான்ஸ்டு, எக்ஸலன்ட், மாஸ்டர் மூன்றிலும் கயிறு கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கயிறுதான்.

நம்ம டாமியைச் சேர்ப்பார்களா?

நாய்க்கு 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். அதிகபட்ச வயது என்று ஒன்று இல்லை. முகத்தில் நரை விழுந்த நாய்களும் வரும். எட்டு வயதில் முதல் முறை வந்தாலும் தப்பில்லை. குதிக்கும் வேலை நாவிஸ் நிலையில் இல்லை.

நல்ல ஜாதி நாயாக இருக்க வேண்டுமா என்பதுதான் நிறையப் பேருக்கு வரும் கேள்வி. தேவையில்லை. காப்பகத்திலிருந்து தத்தெடுத்த கலப்பின நாய்க்கும் இடம் உண்டு. 2010-லிருந்து அமெரிக்கன் கென்னல் கிளப்பின் ‘கெனைன் பார்ட்னர்ஸ்’ திட்டத்தில் கலப்பின நாயைப் பதிவு செய்து போட்டியில் இறக்கலாம். பதிவு எண் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது என்பதால் முதல் வேலை இதுதான்.

மனிதர்களுக்கும் கட்டுப்பாடு குறைவு. பள்ளி மாணவர்கள் வருகிறார்கள், தாத்தா பாட்டிகள் வருகிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு, அவர்களால் செய்ய முடிகிற மாதிரி நடுவர் மாற்றித் தரலாம். நாய் செய்ய வேண்டியது மட்டும் மாறாது.

ஒரு வீட்டுக்கு ஒரு வார்த்தை

பயிற்சியை நாயிடம் ஆரம்பிக்க வேண்டாம். குடும்பத்தை ஹாலில் உட்கார வைத்து ஆரம்பியுங்கள்.

பல வீடுகளில் அப்பா ‘‘சிட்’’ என்பார். அம்மா ‘‘உட்காருடா தங்கம்’’ என்பார். பிள்ளை ‘‘சிட் டவுன், சிட் டவுன்’’ என்று கத்தும். அதே ‘டவுன்’ என்ற வார்த்தையை அப்பா, நாய் சோபாவில் ஏறும்போதும் சொல்வார், படுக்கச் சொல்லும்போதும் சொல்வார். பாவம், நாய் எதைத்தான் எடுத்துக்கொள்ளும்? ஒரு செயலுக்கு ஒரே வார்த்தை, எல்லோரும் அதையே சொல்வது என்று பேசி முடிவு செய்யுங்கள். அது ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ‘உட்கார்’, ‘படு’, ‘வா’ போதும். நாய்க்கு எல்லா மொழியும் சத்தம்தான்.

அடுத்து, இடப்பக்கம். ராலியில் நாய் உங்கள் இடப்பக்கத்தில், காலை ஒட்டி நடக்க வேண்டும். அதை எப்படிச் சொல்லித்தருவது? சின்னச் சின்னதாக வெட்டிய சிக்கன் துண்டோ பனீர் துண்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் நகம் அளவு போதும். ஓர் அடி வையுங்கள். நாய் பக்கத்தில் இருந்தால் உங்கள் இடது தொடைக்கு அருகில், பேன்ட் தையல் ஓரத்தில் கையை வைத்துக் கொடுங்கள். பிறகு இரண்டு அடி, பிறகு நாலு அடி. தீனி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் நாய் நிற்க விரும்பும். கையை முன்னால் நீட்டிக் கொடுத்தால் முன்னால் ஓடும்.

கயிறு விறைத்த நொடியில் நின்றுவிடுங்கள். இழுக்காதீர்கள், திட்டாதீர்கள். மரம் மாதிரி நில்லுங்கள். நாய் திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்ததும் நடங்கள். இழுத்தால் பயணம் நின்றுபோகிறது என்பது அதற்கு மெதுவாகப் புரியும். நீங்கள் பதிலுக்கு இழுத்தால், அது இன்னும் பலமாக இழுக்கும். முதல் வாரம் தெருமுனை வரை போவதற்கே கால் மணி நேரம் ஆகலாம். பொறுமைதான் ஃபீஸ்.

ஒரு நேரத்துக்கு மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் போதும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். அரை மணி நேரம் ஒரேயடியாக உட்கார் - எழு என்று வாட்டினால் நாய்க்கு அலுத்துவிடும். நன்றாகச் செய்த ஒன்றோடு நிறுத்துங்கள்.

மொட்டை மாடியே மைதானம்

பலகைகளைக் கடையில் வாங்கத்தான் வேண்டும் என்று இல்லை. பழைய நோட்டு அட்டையில் அம்புக்குறி வரைந்து, செங்கல்லில் சாய்த்து வைத்தால் முடிந்தது. கோன்களுக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள். வரைகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். தினம் ஒருவர் பாதையை மாற்றி வைத்தால், வீட்டிலேயே ஒரு நடுவர் தயார். நம் ஊரில் என்றால் விடிகாலையோ இருட்டுகிற நேரமோதான் சரி. மாடித் தளத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாத சூட்டில் நாயை நடத்தாதீர்கள்.

ஹாலில் சமத்தாக உட்காரும் நாய், பூங்காவில் உங்களைத் தெரியாத மாதிரி நிற்கும். அது திமிர் கிடையாது. ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு எடுத்துப் போவது நாய்களுக்குச் சுலபமில்லை. ஹால், மாடி, அமைதியான தெரு, பூங்காவின் ஓரம் என்று படிப்படியாக இடத்தை மாற்றுங்கள். புது இடத்தில் பாடத்தைக் கொஞ்சம் சுலபமாக்குங்கள்.

அமெரிக்கன் கென்னல் கிளப்பின் போட்டியில் ரிங்குக்குள் தீனி கொண்டுபோக முடியாது. அதனால் பயிற்சியிலேயே மெள்ளக் குறைக்க வேண்டும். ஒரு செயலுக்கு ஒரு துண்டு என்பதை, மூன்று செயலுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று மாற்றுங்கள். தீனி இருக்கும் டப்பாவை நாற்காலியில் வைத்துவிட்டு, பாதை முழுக்க முடித்த பிறகு இருவரும் ஓடிப்போய் எடுங்கள். ‘கையில் இல்லாவிட்டாலும் கடைசியில் உண்டு’ என்று நாய் நம்பத் தொடங்கும். நடுவில் உங்கள் குரல்தான் தீனி.

கருவிகள் குறைவு. சாதாரணத் தட்டையான கழுத்துப்பட்டையும், துணியிலோ தோலிலோ செய்த ஆறடிக் கயிறும் இருந்தால் போதும். உள்பக்கம் முள் இருக்கும் பட்டைகளுக்கும், ஷாக் கொடுக்கும் பட்டைகளுக்கும் ரிங்கில் அனுமதி இல்லை.

அடமா, வலியா?

ஒரு விஷயத்தை மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். உட்காரச் சொன்னால் தயங்குகிற நாய், ஒரு பக்கம் சாய்ந்து உட்காருகிற நாய், படுத்தால் எழ யோசிக்கிற நாய் இவையெல்லாம் அடம்பிடிப்பவை என்றே நினைக்கிறோம். இடுப்பு மூட்டிலோ முழங்காலிலோ வலி இருக்கலாம். பயிற்சி தொடங்கும் முன் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வழுக்கும் டைல்ஸ் தரையில் படுக்கப் பயப்படும் நாய்கள் உண்டு. ஒரு பழைய பாய் விரித்தால் அந்தப் பிரச்னை தீரும்.

நாயின் முகத்தையும் படிக்கப் பழகுங்கள். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி, பசியில்லாதபோது உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, திடீரென்று தரையை மோப்பம் பிடிப்பது... இவையெல்லாம் ‘எனக்குப் படபடப்பாக இருக்கிறது’ என்று அது சொல்லும் விதமாக இருக்கலாம். அதைத் ‘திருட்டுத்தனம்’ என்று படித்து அதட்டினால் படபடப்பு இரட்டிப்பாகும்.

முதல் போட்டி நாள்

முதல் முறை நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போய் ஒரு போட்டியைச் சும்மா பார்த்துவிட்டு வாருங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும். விண்ணப்பத்துக்கான கடைசித் தேதி போட்டிக்கு ரொம்ப நாள் முன்னதாகவே முடிந்துவிடும் என்பதால் அறிவிப்பை முதலிலேயே படியுங்கள். நாவிஸில் ஏ, பி என்று இரண்டு பிரிவு உண்டு. இதுவரை எந்த நாய்க்கும் இப்படிப் பட்டம் வாங்கித் தராத புதியவர்களுக்கு ஏ பிரிவு. நேரில் போகத் தயக்கமா? 2020-ல் கொரோனா காலத்தில் தொடங்கிய இன்னொரு வழி இருக்கிறது. குறிப்பிட்ட பாதையை அமைத்து, நாயோடு நடந்து வீடியோ எடுத்து அனுப்பினால் நடுவர் பார்த்து மதிப்பெண் போடுவார்.

நேரில் போகிறீர்கள் என்றால், உள்ளே நுழையும் முன் நாயை வெளியே நடத்தி வேலைகளை முடித்துக் கூட்டி வாருங்கள். ரிங்குக்குள் அசுத்தம் செய்துவிட்டால் அன்றைய போட்டி அத்தோடு சரி. பாதையை நடந்து பார்க்கும்போது, நாய் பக்கத்தில் இருப்பதுபோல இடது கையை வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். பலரும் சிரிப்பார்கள் என்ற கூச்சம் வேண்டாம். அங்கே எல்லோரும் அப்படித்தான், இல்லாத நாயோடு பேசிக்கொண்டு நடப்பார்கள்.

பிறகு அந்த நிமிடம் வரும். ஐந்து பலகைகள் நன்றாகப் போயிருக்கும். ஆறாவது, ‘நில், உட்கார், படு.’ நாய் உட்காரும். படுக்காது. பக்கத்து ரிங்கில் ஏதோ குரைக்கும். அதன் காது அங்கே திரும்பும். சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கட்டிய பணம், மூன்று மாத உழைப்பு, வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை எல்லாம் ஞாபகத்துக்கு வரும். கை தானாகக் கயிற்றை இறுக்கப் பார்க்கும்.

அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை நாள் பயிற்சி. மூச்சை விடுங்கள். பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்த்தால் ‘படு’ என்று இன்னொரு முறை சொல்லுங்கள். படுத்ததா, சபாஷ். படுக்கவில்லையா, 10 மதிப்பெண் போகட்டும். சிரித்துக்கொண்டே ஏழாவது பலகைக்கு நடங்கள். நாய் உண்மையிலேயே மிரண்டிருந்தால், நடுவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். அடுத்த போட்டி எப்போதும் இருக்கிறது. அங்கே கத்திவிட்டால், அடுத்த முறை அந்த வாசலைப் பார்த்ததுமே நாயின் வால் தாழ்ந்துவிடும். அதைத் திரும்ப நிமிர்த்த மாதக்கணக்கில் ஆகும்.

‘ரொம்ப இழுக்குது, சொன்ன பேச்சு கேக்கல’ என்று எத்தனையோ நாய்கள் கேட் ஓரத்தில் சங்கிலியில் கிடக்கின்றன. சில நாய்கள் யாரிடமாவது கொடுக்கப்பட்டுவிடுகின்றன. அவற்றில் பலவற்றுக்குத் தேவைப்பட்டது, தினமும் ஐந்து நிமிடமும் மாறாத நாலு வார்த்தைகளும்தான். ராலி தரும் ரிப்பன் ஷோகேஸில் இருக்கும். அதற்காகப் பழகிய நடை, நாய் இருக்கும் வரை கூடவே வரும்.

நாளைக் காலை வாக்கிங் கிளம்பும்போது, பாக்கெட்டில் நாலு சிக்கன் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். கேட்டைத் திறந்ததும் ஓடாமல், ஓர் அடி வைத்து நில்லுங்கள். கயிறு தொங்குகிறதா என்று பாருங்கள்.

தொங்கினால், முதல் பலகையைத் தாண்டிவிட்டீர்கள்!